தூண் இல்லாத தூண் வாசல்

என் தாயாரின் வேதாகமத்தில், வெளிப்படுத்தின விசேஷம் முடிந்த பிறகு, சற்றுக் கனமான தாளில் சில வண்ண வரைபடங்கள் இருந்தன. சபையில் பிரசங்கம் நீளும்போதெல்லாம் நான் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்ட கானான் தேசமும், பவுல் அப்போஸ்தலன் கப்பலேறிச் சென்ற வழிகளைக் காட்டும் சிவப்புக் கோடுகளும், நீலத்தில் ஒரு பெரிய துளியாகத் தொங்கும் உப்புக்கடலும் (சவக்கடல் என்பதும் அதுவே) எனக்கு அப்படித்தான் அறிமுகமாயின. இந்தக் கோடுகளை யார் போட்டார்கள், எரிகோ இந்த இடத்தில்தான் இருந்தது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்வி அந்த வயதில் எழவில்லை. வேதாகமத்தின் அட்டைக்குள் இருந்ததனால் வரைபடமும் வேதத்தின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கேள்வி எனக்குள் பல ஆண்டுகளுக்குப் பிறகு, நானே ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கியபோது, ஒரு தவற்றின் வழியாக எழுந்தது. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனின் கண்களில் சேற்றைப் பூசிய இயேசு, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்று அவனை அனுப்புகிறார். அந்தப் பாடத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட ஒரு பழைய புகைப்படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். உயர்ந்த கற்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய, நீள்சதுரமான ஒரு குளம். தண்ணீரிலிருந்து தலைநீட்டும் உடைந்த தூண்களின் அடிப்பாகங்கள். கீழே, சீலோவாம் குளம் என்ற தலைப்பு. அந்த மனிதன் கண் கழுவிய இடம் இதுதான் என்று பிள்ளைகளிடம் உறுதியாகச் சொன்னேன். அது சரியன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 2004ஆம் ஆண்டில் எருசலேமின் அந்தப் பகுதியில் கழிவுநீர்க் குழாயைச் சீர்செய்யத் தோண்டியபோது, அகன்ற கற்படிகள் வரிசையாக இறங்குவது தெரிந்தது. ரோனி ரைக், எலி ஷுக்ரோன் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் தொடர்ந்து அகழ்ந்தபோது, ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பெருங்குளம் ஒன்றின் படிக்கட்டுகள் வெளிப்பட்டன. இயேசுவின் காலத்துச் சீலோவாம் அதுவே என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். புகைப்படத்தில் உள்ள சிறிய குளம் அதற்குச் சற்று மேலே, சில நூற்றாண்டுகளுக்குப் பின், கிழக்கு ரோமப் பேரரசரான பைசாந்தியர் காலத்தில் அமைந்தது. படம் பொய் சொல்லவில்லை. அதன் எதிரே இருந்ததை அப்படியே காட்டியது. தலைப்பு மட்டுமே, அதை எழுதியவரின் நம்பிக்கையைச் சொன்னது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் அதைத் திருத்திச் சொன்னேன். அன்று முதல், வேதாகம இடங்களின் பழைய வரைபடமோ புகைப்படமோ எது கையில் கிடைத்தாலும், இதைச் செய்தவர் தம் கண்ணால் கண்டது எது, கேட்டு நம்பியது எது என்று பிரித்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்ததில் கிடைத்த சிலவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் மாதபா. யோர்தான் நாட்டில், உப்புக்கடலுக்குக் கிழக்கே உயர்ந்த நிலத்தில் இருக்கும் இந்த ஊர், வேதாகமத்தில் மேதேபா என்ற பெயரில் வருகிறது. அங்குள்ள பரிசுத்த ஜார்ஜ் ஆலயத்தின் தரையில், வண்ணச் சிறு கற்களைப் பதித்து உருவாக்கிய ஒரு வரைபடம் இருக்கிறது. பரிசுத்த தேசத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் பழைய வரைபடங்களில் இதற்கு ஈடான மூத்தது வேறு இல்லை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்த இடத்தில் முன்பு இருந்த பைசாந்திய ஆலயம் பாழடைந்து, ஊரும் வெறிச்சோடிக் கிடந்தது. 1880இல் கெராக் பகுதியிலிருந்து புறப்பட்டு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே குடியேறின. பழைய ஆலயத்தின் மேலேயே புதிய ஆலயத்தைக் கட்டும் வேலையில் வரைபடத்தின் சில பகுதிகள் சிதைந்துபோயின. ஆனாலும் எஞ்சியிருப்பது சாதாரணமானதன்று. கிழக்குத் திசை மேலே இருக்கும்படி வரையப்பட்ட அந்தத் தரையில், வடக்கே யோர்தான் பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே எகிப்தின் நைல் கிளைகள் வரை, கிரேக்க எழுத்துகளில் பெயர் பொறித்த ஊர்கள் பரந்து கிடக்கின்றன. எரிகோவைச் சுற்றிப் பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. உப்புக்கடலில் இரண்டு படகுகள் மிதக்கின்றன. அவற்றில் இருந்த மனிதர்களின் உருவங்களைப் பிற்காலத்தில் யாரோ கல் பெயர்த்துக் குலைத்திருக்கிறார்கள். யோர்தான் நதி அந்தக் கடலில் போய்ச் சேரும் இடத்துக்கு அருகே ஒரு மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே எதிர்நீச்சல் போடுகிறது. அந்தக் கடலில் மீன் உயிர்வாழாது என்பதை இத்தனை சிறிய உருவத்தில் சொல்லிவிட்ட அந்தக் கைவினைஞரை நான் நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தில், தேவாலயத்திலிருந்து புறப்படும் தண்ணீர் பாய்ந்து அந்தக் கடல் ஆரோக்கியமாகி மீன் பெருகும் என்ற தரிசனத்தை வாசிக்கும்போதெல்லாம் இப்போது என் மனக்கண்ணில் இந்த மீன்தான் வருகிறது.

வரைபடத்தின் நடுநாயகமாக எருசலேம் இருக்கிறது. பரிசுத்த நகரம் எருசலேம் என்ற கிரேக்கப் பெயரோடு, முட்டை வடிவ மதிலுக்குள், மேலிருந்து பார்ப்பதுபோல் நகரம் விரிகிறது. இடக்கோடியில், அதாவது வடக்கில், ஒரு வாசல். அதன் உட்புறத்தில் ஒரு வெளி. அந்த வெளியின் நடுவே தனித்து நிற்கும் ஓர் உயரமான தூண். அங்கிருந்து தெற்கு நோக்கி, இருபுறமும் தூண்வரிசை அமைந்த ஓர் அகன்ற வீதி நகரின் குறுக்கே ஓடுகிறது. அந்த வீதியின் நடுப்பகுதியில் பரிசுத்த கல்லறை ஆலயம் தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. வீதியை நோக்கியே அதன் முகப்பு இருந்ததனால், வரைந்தவர் படிக்கட்டுகளை வீதியின் பக்கம் வைக்க வேண்டியிருந்தது. தெற்கே இன்னொரு பெரிய ஆலயம். யுஸ்தினியான் பேரரசர் கட்டி, 542இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட நேயா ஆலயம் அது.

அந்த வடக்கு வாசலை இன்று நாம் தமஸ்கு வாசல் என்கிறோம். ஆனால் எருசலேமில் வாழும் அரபு மக்கள் அதைப் பாப் அல்-அமூத் என்று சொல்கிறார்கள். தூண் வாசல் என்பதே அதன் பொருள். அங்கே தூண் ஒன்றும் இல்லை. பல நூற்றாண்டுகளாகவே இல்லை. காய்கறிக் கூடையைச் சுமந்து அந்த வாசலைக் கடக்கும் ஒரு பெண்ணிடம், ஏன் இதற்குத் தூண் வாசல் என்று பெயர் எனக் கேட்டிருந்தால், எங்கள் முன்னோர் அப்படித்தான் சொன்னார்கள் என்பதற்கு மேல் அவரால் விடை சொல்லியிருக்க முடியாது. மாதபாவின் தரையில் படிந்திருந்த மண்ணை அகற்றிப் பார்த்தபோதுதான், அந்தத் தூண் நின்ற நகரம் கண்ணுக்குத் தெரிந்தது. கல் போன பிறகும் சொல் நின்றிருக்கிறது. பிறகு 1970களில் பழைய நகரின் யூதக் குடியிருப்புப் பகுதியை நஹ்மான் அவிகாட் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தபோது, அந்த அகன்ற வீதியின் தென்பகுதியும் நேயா ஆலயத்தின் அடித்தளங்களும் வரைபடம் காட்டிய இடங்களிலேயே கிடைத்தன. மாதபாவில் கல் பதித்தவர், அல்லது அவருக்கு விவரம் தந்தவர், தம் காலத்து எருசலேமில் நடந்து பார்த்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு வந்த ஐரோப்பிய வரைபடங்களுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. அழகு கூடுகிறது, கண்ணால் கண்டது குறைகிறது. 1581இல் ஹைன்ரிக் பியூன்டிங் வெளியிட்ட உலக வரைபடத்தில் ஐரோப்பாவும் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒரு பூவின் மூன்று இதழ்கள். அவை கூடும் நடுவட்டம் எருசலேம். அது ஒரு விசுவாச அறிக்கை; அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வழிகாட்ட வேண்டிய வரைபடங்களிலேயே பிழைகள் இருந்தன. 1525இல் சூரிச் நகரில் அச்சான பழைய ஏற்பாட்டில்தான் முதன்முதலாக ஒரு வரைபடம் வேதாகமத்துக்குள் சேர்க்கப்பட்டது. மூத்த லூக்காஸ் கிரனாக் வரைந்த அந்தப் படம், அச்சுக் கட்டையில் செதுக்கியபோது இடவலம் மாறிவிட்டது. மத்தியதரைக் கடல் தேசத்துக்குக் கிழக்கே போய்விட்டது. அதை வாசித்தவர்களில் எத்தனை பேர், மோசே மக்களை நடத்திச் சென்ற வழியை எதிர்த்திசையில் மனத்தில் பதித்துக்கொண்டார்களோ!

உப்புக்கடலை வரைந்த விதமும் அப்படியே. அதன் நீருக்குள் சோதோம், கொமோரா, அத்மா, செபோயீம் நகரங்கள் தீப்பற்றி எரிவதாகப் பலர் வரைந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்ததனால் அந்தத் தீ இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அணையாமல் எரிந்தது. அவர்களுள் கிறிஸ்தியான் வான் அத்ரிகெம் என்ற டச்சுக் குருவானவரைத் தனியே குறிப்பிட வேண்டும். 1584இல் வெளிவந்த அவருடைய எருசலேம் வரைபடத்தில் ஏறத்தாழ 270 இடங்கள் எண்ணிட்டுக் காட்டப்பட்டுள்ளன. பிலாத்துவின் அரண்மனையிலிருந்து கல்வாரி வரை இயேசு சிலுவை சுமந்த வழியின் நிலைகளுக்கு இடைப்பட்ட அடிகளின் கணக்கும் அவர் தந்திருக்கிறார். அவர் எருசலேமில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. இருந்தாலும் இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நடைபெறும் சிலுவைப்பாதையின் நிலைகள் உருப்பெற்றதில் அவருடைய நூலுக்குப் பங்கு உண்டு. பக்திக்கு அது குறைவன்று. ஆனால் அந்த அடிக்கணக்கை ஒரு நில அளவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணால் காண்பது என்ற வழிக்கு இந்தத் துறையைத் திருப்பியவர் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க வேத அறிஞர். 1838இல் அவர் பாலஸ்தீனத்துக்குள் பயணம் செய்தபோது, பெய்ரூட்டில் ஊழியம் செய்துகொண்டிருந்த, அரபு மொழியில் தேர்ந்த எலி ஸ்மித் என்ற மிஷனெரி உடன் வந்தார். ஒரு திசைகாட்டி, அளவு நாடாக்கள், தொலைநோக்கி, கையில் வேதாகமம் இவற்றோடு புறப்பட்ட இருவரும் இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டார்கள். மடங்களில் சொல்லப்படும் மரபுக் கதைகளை நம்பித் தீர்மானிப்பதில்லை. உள்ளூர் அரபு மக்களிடமே கேட்பது. அப்படிக் கேட்கும்போதும், இதுதானே பெத்தேல் என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பதில்லை. இந்த ஊரின் பெயர் என்ன, அதோ தெரியும் அந்தப் பாழ்நிலத்தை என்னவென்று அழைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பது. வந்தவர் மனம் மகிழ வேண்டுமென்று ஆம் என்று சொல்லிவிடுவது எல்லா ஊரிலும் உள்ள மரியாதைதானே!

இப்படிக் கேட்டதில் கிடைத்த பெயர்களை நம் தமிழ் வேதாகமத்துப் பெயர்களோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். எரேமியா தீர்க்கதரிசியின் ஊரான ஆனதோத், அனாத்தா என்றிருந்தது. யோனத்தான் பாறை ஏறிச் சென்று பெலிஸ்தரை முறியடித்த மிக்மாஸ், முக்மாஸ் என்றிருந்தது. ஏலி ஆசாரியனும் சிறுவன் சாமுவேலும் ஊழியம் செய்த சீலோ, செய்லூன். பெத்தேல், பெய்த்தீன். எபிரெயத்தின் அழுத்தமான ககரம் அரபியில் ஜகரமாகும் என்பதால், கேபா ஜெபா ஆயிற்று. கிபியோன் எல்-ஜீப் ஆயிற்று. மூவாயிரம் ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, பேசும் மொழி மாறியது, மதம் மாறியது. ஒலிவமரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த விவசாயியின் வாயில் பெயர் மட்டும் இருந்தது. தூண் வாசலின் கதைதான் இங்கும்.

கிபியோனைப் பற்றிய ராபின்சனின் தீர்மானத்துக்கு உறுதி கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1956 முதல் ஜேம்ஸ் பிரிட்சார்ட் எல்-ஜீபில் அகழாய்வு நடத்தியபோது, பாறையில் வட்டமாகக் குடைந்து, சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் படிகளோடு ஒரு பெரும் நீர்க்குழி வெளிப்பட்டது. அதை மூடியிருந்த மண்ணுக்குள் கிடந்த சாடிகளின் கைப்பிடிகளில், பழைய எபிரெய எழுத்தில் கிபியோன் என்ற பெயரே கீறப்பட்டிருந்தது. சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேரின் வீரரும் தாவீதின் படைத்தலைவன் யோவாபின் வீரரும் குளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள் என்று 2 சாமுவேல் 2ஆம் அதிகாரம் சொல்லும் குளம் இதுவாக இருக்கலாம் என்று அவர் கருதினார். ராபின்சன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. கலிலேயாக் கடலின் வடகரையில் தெல்ஹூம் என்ற இடத்தில் சிதறிக் கிடந்த செதுக்குக் கற்களை அவர் பார்த்தார். அது ஒரு யூத ஜெப ஆலயம் என்றும் கண்டுகொண்டார். ஆனால் கப்பர்நகூமை வேறோர் இடத்தில் வைத்துவிட்டார். 1866இல் அங்கே தோண்டிப் பார்த்த சார்ல்ஸ் வில்சன் அதுவே கப்பர்நகூம் என்று சொன்னார். அந்த நாட்களில் எடுத்த புகைப்படங்களில் முள்ளும் களையும் மூடிய கற்குவியல்தான் தெரிகிறது. இன்று யாத்திரிகர் பார்க்கும் தூண்களும் சுவர்களும் 1920களில் தூக்கி நிறுத்தப்பட்டவை.

1865இல் லண்டனில் தொடங்கப்பட்ட பாலஸ்தீன ஆய்வு நிதியம், தேசம் முழுவதையும் அளக்க முடிவு செய்தது. 1871 முதல் 1877 வரை நடந்த அந்த அளவையில் கிளாட் கொண்டர், ஹெர்பர்ட் கிச்சனர் ஆகிய இரண்டு இளம் பொறியியல் படை அதிகாரிகள் முதன்மையாக உழைத்தார்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், 26 தாள்களாக 1880இல் அது வெளிவந்தது. கொண்டரோடு பணியாற்றிய டிர்விட் டிரேக் காய்ச்சலில் 1874இல் எருசலேமிலேயே இறந்துபோனார். 1875இல் சாபேத் ஊரில் அளவைக் குழுவினர் தாக்கப்பட்டு, வேலை சில காலம் நின்றது. இராணுவத்துக்குப் பயன்படும் என்ற எண்ணமும் அந்த வேலையின் பின்னணியில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1917இல் பிரித்தானியப் படை உள்ளே நுழைந்தபோது அந்தத் தாள்கள் பயன்பட்டன.

ஆனால் இணையத்தில் அந்தத் தாள்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது என் கண்ணில் படுவது வேறு. ஒவ்வொரு கிணறும், ஒவ்வொரு திராட்சை ஆலையும், ஒவ்வொரு பாழடைந்த சுவரும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களை உள்ளூர் மக்கள் சொல்லச் சொல்ல, அரபு எழுத்தர் ஒருவர் அரபு எழுத்தில் எழுதிக்கொண்டார். எருசலேமின் தாளில், நகரத்துக்கு வடமேற்கே பள்ளத்தாக்கின் சரிவில் லிப்தா என்ற ஊர் இருக்கிறது. யோசுவா 15ஆம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்தின் எல்லையைச் சொல்லும்போது வரும் நெப்தோவாவின் நீரூற்று அதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நீரூற்று இன்னும் இருக்கிறது. 1948 போரில் வெளியேறிய லிப்தா மக்கள் திரும்பவில்லை. கல் வீடுகள் கூரை இடிந்து நிற்கின்றன. அந்தப் பெயரை எழுத்தருக்குச் சொன்ன மனிதரின் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ என்ற எண்ணம், அந்தத் தாளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

புகைப்படங்களுக்கு வருகிறேன். வரைபவரின் கை தவறலாம், ஒளி தவறாது என்ற நம்பிக்கையோடு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பலர் கருவிகளைச் சுமந்துகொண்டு எருசலேமுக்கு வந்தார்கள். ஜிரோ தெ பிராங்கே 1844இல் வெள்ளி பூசிய தகடுகளில் நகரத்தைப் பதிவு செய்தார். 1854இல் வந்த ஓகுஸ்த் சால்ஸ்மானின் நோக்கம் சற்று வேறானது. அவருடைய நண்பர் தெ சொல்சி, எருசலேமில் தாம் கண்ட சில கட்டடங்கள் சாலொமோன், தாவீது வம்சத்து அரசர்களின் காலத்தவை என்று எழுதியபோது பிரான்சில் பலர் நம்ப மறுத்தார்கள். அவர் தந்த சித்திரங்களையே ஐயுற்றார்கள். அதனால் சால்ஸ்மான் ஒவ்வொரு கல்வரிசையையும் அருகில் நின்று, சாய்ந்த வெயிலில் கல்லின் கொத்து தெரியும்படி படமெடுத்தார். படங்கள் அத்தனையும் உண்மை. ஆயினும் அவை நிரூபிக்க வந்த காலக்கணிப்பு நிலைக்கவில்லை. தெ சொல்சி யூதாவின் அரசர்களுக்கு உரியது என்று வாதாடிய கல்லறை, முதல் நூற்றாண்டில் அதியபேனே தேசத்திலிருந்து வந்து எருசலேமில் வாழ்ந்த எலேனா அரசியுடையது. ஒரு கல்லைத் தெளிவாகக் காட்டிவிட்டால் அதன் வயதையும் காட்டிவிட்டதாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பிரான்சிஸ் பிரித் 1850களின் பிற்பகுதியில் பெரிய கண்ணாடித் தகடுகளோடு வந்தார். தகட்டில் இரசாயனத்தைப் பூசி, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அதற்கு இருட்டறையாக ஒரு கூடாரம். உள்ளே தகிக்கும் வெயிலின் புழுக்கமும் இரசாயன நெடியும். அந்தப் பாட்டை நினைத்துவிட்டு அவருடைய படங்களைப் பார்த்தால் அவற்றின் கூர்மை இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆனால் அந்தக் காலப் படங்களைப் பார்ப்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அன்றைய முறைகளில் ஒளி பதிய நேரம் பிடித்தது. பல படங்களுக்கு நிமிடக்கணக்கில்கூட. கல் அசையாது நின்றது, பதிந்தது. தெருவில் நடந்தவர்களும் கழுதை ஓட்டிச் சென்றவர்களும் பதியவில்லை. மிஞ்சினால் ஒரு மங்கல் கறையாக நிற்கிறார்கள். இதன் விளைவாக, ஆளரவமற்ற தெருக்களும் வெறுமையான மலைகளுமே ஐரோப்பிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வேத காலத்திலிருந்து யாருமே வாழாமல் அப்படியே காத்துக் கிடந்த தேசம் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் ஊறியதில் இந்தக் கருவியின் மந்தத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பிற்பாடு மக்கள் படத்துக்குள் வந்தபோதும், ரூத்தாகவும் போவாசாகவும் நல்ல மேய்ப்பனாகவும் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பெய்ரூட்டில் நிலையம் வைத்திருந்த பொன்பீஸ் குடும்பத்தார் போன்றவர்களிடம் யாத்திரிகர்கள் விரும்பி வாங்கியவை அத்தகைய படங்கள். எருசலேமிலேயே வாழ்ந்தவர்கள் எடுத்தவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை. அர்மீனியப் பிதா ஏசாயி கராபேதியன் தம் மடத்து வளாகத்தில் இளைஞர்களுக்குப் புகைப்படக்கலையைக் கற்றுத் தந்தார். அந்த வழியில் வந்த கராபேத் கிரிக்கோரியான் யோப்பா வாசலுக்கு அருகே நிலையம் வைத்தார். அவரிடம் பயின்ற கலீல் ராத் பிறகு தாமே எருசலேமில் பெயர் பெற்றார்.

பழைய படங்களில் நான் மிக அதிகம் திறந்து பார்ப்பவை 1915ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அமெரிக்கன் காலனி என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவச் சமூகம் ஒன்று எருசலேமில் வாழ்ந்தது; அவர்களுடைய புகைப்படப் பிரிவின் ஆயிரக்கணக்கான தகடுகள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன; இணையத்தில் யாரும் பார்க்கலாம். 1915 மார்ச்சில் வெட்டுக்கிளிப் படை பாலஸ்தீனத்தின் மேல் இறங்கியது. போர்க்காலப் பஞ்சத்தின் நடுவே வந்த அந்த அழிவைத் தடுக்க, 15 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் ஒவ்வொருவரும் 20 கிலோ முட்டைகளைத் தோண்டிச் சேர்த்துத் தர வேண்டும் என்று, அப்போது தேசத்தை ஆண்ட ஒட்டோமான் துருக்கிய அரசு உத்தரவிட்டது. காலனியின் புகைப்படக்காரர்கள் மண்ணில் முட்டையிடுவது தொடங்கி, இறக்கை முளைக்காத குஞ்சுகள் சுவர்மேல் கறுப்பாக ஊர்ந்து ஏறுவது, தோலுரிப்பது, பறப்பது வரை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து படமெடுத்தார்கள்.

யோவேல் 1ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தை நம் தமிழ் வேதாகமத்தில் வாசிப்பவர்களுக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி என்று நான்கு பெயர்கள் அங்கே வரிசையாக வருகின்றன. பச்சைக்கிளி என்றவுடன் பிள்ளைகள் சிவந்த மூக்குள்ள கிளியை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சிறுமி, கிளி வயலைத் தின்றுவிடுமா ஐயா என்று என்னிடம் கேட்டாள். எபிரெயத்தில் உள்ள அந்த நான்கு பெயர்களும் வெட்டுக்கிளியின் வெவ்வேறு வளர்ச்சிப் பருவங்களைக் குறிக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அந்த 1915 படங்களை வரிசையாக அவளிடம் காட்டினேன். கடைசியில் ஓர் அத்திமரத்தின் இரண்டு படங்கள். முதலாவதில் கைவிரித்தாற்போன்ற இலைகள் நிறைந்த கிளைகள். இரண்டாவதில் அதே மரம், இலை இல்லை, பட்டையும் இல்லை, எலும்பைப்போல் வெளுத்துப்போன கிளைகள். அத்திமரம் உரிக்கப்பட்டு அதன் கிளைகள் வெண்மையாயின என்று 7ஆம் வசனத்தில் இருப்பதை அவளே தேடி எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தாள். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

உப்புக்கடலுக்குத் திரும்புகிறேன். 1900இல் ஆய்வு நிதியத்தைச் சேர்ந்தவர்கள் அதன் வடமேற்குக் கரையில், நீருக்கு மேலே நின்ற ஒரு பாறையில் கோடு ஒன்றை வெட்டி, தங்கள் நிதியத்தின் முதலெழுத்துகளையும் பொறித்தார்கள். கடலின் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆண்டுதோறும் அங்கிருந்து அளப்பதற்காகச் செய்த குறி அது. அப்போது உப்புக்கடலின் மட்டம் பொதுக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 390 மீட்டர் கீழே இருந்தது. இன்று 430 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. யோர்தானின் தண்ணீரை இஸ்ரேல், யோர்தான், சிரியா ஆகிய மூன்று நாடுகளும் மேலேயே எடுத்துக்கொள்கின்றன. தெற்கே உப்புகளைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைகள் கடல்நீரை ஆவியாக்குகின்றன. பாறையும் கோடும் எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன. பாறைக்குக் கீழே நெடுஞ்சாலை போகிறது. தண்ணீர் அதற்கும் அப்பால், வெகு தூரத்தில் மின்னுகிறது. மாதபாவின் படகுகள் மிதந்த கடல் இரண்டாகப் பிரிந்து, தென்பாதி இப்போது வரப்புக் கட்டிய உப்புப் பாத்திகளாக இருக்கிறது.

அம்மாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் உப்புக்கடல் இன்னும் அந்தப் பழைய நீலத்துளியாகவே இருக்கிறது. சென்ற மாதம், துளி ஒடுங்கும் இடத்தில், அழித்தால் அழியக்கூடிய பென்சிலால் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போட்டு, ஓரத்தில் ஆண்டையும் எழுதி வைத்தேன்.